ராமநாதபுரம் கரைக்கு எந்த அளவுகோல்?

எஸ்.பி.பட்டினத்தில் தொடங்கி, தனுஷ்கோடி முனையைச் சுற்றிக்கொண்டு, நரிப்பையூர் வரை நீளும் ராமநாதபுரம் கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர். இதில் எந்த ஊரில் விசாரித்தாலும் இரண்டு செய்திகள் சேர்ந்தே வரும். கடலில் முன்பு போல மீன்பாடு இல்லை, கிணறு உவர்த்துப் போயிற்று என்பது ஒன்று. புதிதாக எழும்பும் விடுதி, பெரிதாகிக்கொண்டே போகும் படகு எஞ்சின், ஏறிக்கொண்டே போகும் மனை விலை என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். வரவு கூடுகிறது, அந்த வரவைத் தரும் கடலும் மணலும் இளைக்கின்றன என்று அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு கிராம சபையில் தீர்மானம் போட முடியாது. "இதற்கு மேல் வேண்டாம்" என்று எழுத ஓர் எண் வேண்டும்.

எந்த எண் என்பதில்தான் சிக்கல். ஒரு வட்டாரத்தின் வளர்ச்சி அதன் மண்ணும் நீரும் கடலும் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டதா என்று பார்க்க உலகில் அளவுகோல்களுக்குப் பஞ்சமில்லை. கடலோர ஊராட்சிகளின் வளர்ச்சித் திட்டத்திலோ, மாவட்டத் திட்டக் குழுவின் அறிக்கையிலோ அவற்றில் ஒன்றிரண்டைச் சேர்க்க வேண்டும் என்றால் எதைச் சேர்ப்பது? ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். கெட்டுப்போவதற்கு முன்பே அது சொல்லுமா? சொன்னதைக் கேட்பவர் கையில் நிறுத்துவதற்கு ஏதாவது இருக்கிறதா? இந்த இரண்டாவது கேள்வியைப் பொருளாதார அறிஞர்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை. கரையில் இருப்பவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

வருமானம் எதையெல்லாம் வரவில் வைக்கிறது

முதலில், வளர்ச்சி அதிகமாகிவிட்டதா என்று ராமநாதபுரத்தில் கேட்பதே சிலருக்குக் கேலியாகத் தோன்றும். 2018 ஜனவரியில் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டே: விருதுநகர், ராமநாதபுரம். மழையை நம்பிய கண்மாய்ப் பாசனம், சீமைக்கருவேலம் படர்ந்த தரிசு, பிழைக்க வெளிநாடு போகும் இளைஞர்கள். இங்கே வருமானம் உயர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆகவே மாவட்ட உள்நாட்டு உற்பத்தி என்ற எண்ணைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன்.

அதை எல்லைக்கான அளவுகோலாக வைப்பதுதான் தவறு. குழாயில் நீர் வராத ஊருக்கு லாரித் தண்ணீர் விற்றால் அது உற்பத்தி. குஞ்சும் குருமீனுமாக இழுவை மடியில் வரும் சங்காயத்தைக் கோழித் தீவன ஆலைக்கு அனுப்பினால் அதுவும் உற்பத்தி. மன்னார் வளைகுடாவில் பவளப் பாறையை உடைத்துச் சுண்ணாம்புக்கு விற்ற காலத்தில் அந்த வருமானமும் கூட்டலில்தான் சேர்ந்தது. பாறை குறைந்தது எந்தக் கழித்தலிலும் வரவில்லை. பவளத்துக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் இடம் கிடைத்தது வருமானக் கணக்கு எச்சரித்ததால் அல்ல. அது எச்சரிக்கவே செய்யாது.

இன்னொரு குறையும் உண்டு. ராமேஸ்வரத்தில் இருக்கும் விடுதியின் லாபம் சென்னைக்கோ மதுரைக்கோ போனாலும், அது ராமநாதபுரத்தின் உற்பத்தியாகவே எழுதப்படும். போதாததற்கு, மாவட்ட அளவில் நேரடித் தரவு இல்லாத துறைகளில் மாநிலக் கணக்கைப் பிரித்துப் பங்கு போட்டே மாவட்ட எண்ணைப் பெறுகிறார்கள். அப்படிப் பெற்ற எண்ணில் ஏறுவது எல்லாம் இந்தக் கரையில் ஏறியதுதானா என்று சொல்ல முடியாது.

தடம் நமக்கு நற்சான்று கொடுத்துவிடும்

சுற்றுச்சூழல் கூட்டங்களில் அதிகம் அடிபடுவது சூழலியல் தடம். 1990களின் தொடக்கத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸும் மதிஸ் வாக்கர்நாகலும் உருவாக்கிய முறை இது. ஒரு மக்கள்கூட்டம் உண்பது, உடுப்பது, எரிப்பது எல்லாவற்றுக்கும் எவ்வளவு விளைநிலமும் காடும் கடலும் தேவை என்று கணக்கிட்டு, உலக ஹெக்டேர் என்ற ஒரே அலகில் சொல்வார்கள். மறுபக்கம், இருக்கும் நிலமும் கடலும் எவ்வளவு தர முடியும் என்ற கணக்கு. முதலாவது இரண்டாவதை மிஞ்சினால் எல்லை மீறியாயிற்று. உலகம் முழுவதும் சேர்த்தால் மனிதகுலம் சுமார் 1.7 பூமிகளின் அளவுக்கு வாழ்கிறது என்று அடிக்கடி கேட்கும் வாசகம் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். இந்தியர் ஒருவரின் தடம் ஒன்றேகால் உலக ஹெக்டேர் அளவில் இருக்கிறது. உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. ஆனாலும் நம் நாட்டு நிலமும் கடலும் ஆளுக்குத் தரக்கூடியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

உலகத்தைப் பற்றிப் பேச இது அருமையான கருவி. ராமநாதபுரம் கரைக்கு இதைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? இங்குள்ள குடும்பத்தின் நுகர்வு குறைவு. கார் இல்லை, குளிர்சாதனம் அரிது, உணவில் பாதி உள்ளூர் மீனும் அரிசியும். எனவே தடம் சிறியதாக வரும். பிடிபடும் இறாலும் கணவாயும் நண்டும் ஏற்றுமதியாகும்போது, அவற்றின் பாரம் அவற்றை உண்ணும் நாட்டின் கணக்கில் போய் உட்காரும். கடல் இங்கே காலியாகும், தடம் அங்கே கூடும். நுகர்பவரைப் பொறுப்பாக்கும் நியாயம் அதில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாக் நீரிணையில் மீன் எஞ்சுமா என்று கேட்டவருக்கு அது பதில் ஆகாது.

அதைவிடப் பெரிய ஓட்டை நன்னீர். சூழலியல் தடத்தில் நன்னீர் தனி வரியாகவே கிடையாது. நிலத்தடி நீர் உவராவதையும் பவளம் வெளுப்பதையும் அது காணாது. கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரிமக் கணக்கில் அதற்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும், கிடைக்கட்டும். அதைச் சுற்றியுள்ள ஊர்களின் நீரும் மேய்ச்சலும் என்ன ஆயின என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் கட்டமே இல்லை. மாவட்ட அளவில் நம்பகமான நுகர்வுத் தரவு கிடைப்பதும் அரிது; தேசிய மாதிரி ஆய்வுகள் மாநில அளவுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஆக, மெனக்கெட்டு ஒரு தடத்தைக் கணக்கிட்டாலும் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான்: ராமநாதபுரத்துக்காரர் உலகத்துக்கு பாரமில்லை. வெளியூர்க்காரரிடம் வாதாட உதவும் உண்மை இது. உள்ளூரில் முடிவெடுக்க உதவாது.

மெதுவடையும் பச்சைக் கணக்கும்

2009-இல் யோஹான் ராக்ஸ்ட்ரோம் தலைமையிலான அறிவியலாளர்கள் பூமிக்கு ஒன்பது எல்லைகளைக் குறித்தார்கள்: தட்பவெப்பம், நன்னீர், உயிர்ப்பன்மை, நைட்ரஜன்–பாஸ்பரஸ் என்று. 2023-இன் மதிப்பீட்டில் ஒன்பதில் ஆறு ஏற்கெனவே தாண்டப்பட்டிருந்தன. பொருளாதார அறிஞர் கேட் ராவொர்த் இதனுள் இன்னொரு வட்டத்தை வரைந்தார். உள்வட்டம் மனிதருக்குக் குறைந்தபட்சம் வேண்டிய உணவு, நீர், கல்வி, வருமானம். வெளிவட்டம் பூமியின் எல்லை. இரண்டுக்கும் நடுவே வாழ வேண்டும். அவர் டோனட் என்று பெயரிட்ட அந்த வடிவம் நம் மெதுவடையேதான்: நடு ஓட்டைக்குள் விழுந்தால் வறுமை, விளிம்பைத் தாண்டினால் அழிவு.

இருக்கும் சட்டகங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது என்று சொல்லிவிடுகிறேன். தரை, கூரை இரண்டையும் ஒரே படத்தில் காட்டுவது இது ஒன்றுதான். ராமநாதபுரம் போன்ற இடத்தில் கூரையை மட்டும் பேசினால் "ஏழைகளை ஏழையாகவே இருக்கச் சொல்கிறீர்களா" என்ற கேள்வி வரும், அது நியாயமாகவும் இருக்கும். 150-க்கும் மேற்பட்ட நாடுகளை இந்த முறையில் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் சோதித்தபோது, தரையைத் தொட்டு, கூரையையும் இடிக்காமல் இருந்த நாடு ஒன்றுகூட இல்லை. ஆம்ஸ்டர்டாம் நகரம் 2020-இல் இதைத் தன் திட்டமிடலுக்கு எடுத்துக்கொண்டது.

ஆனால் பூமியின் எல்லையை மண்டபம் ஒன்றியத்துக்கு எப்படிப் பங்கு போடுவது? தலைக்கு இவ்வளவு என்று போட்டால் கரிமத்தில் மீண்டும் அதே நற்சான்று வரும். நன்னீரில் தலைக்கணக்கு என்பதற்கே பொருளில்லை. மணல் திட்டுக்குக் கீழே கிடக்கும் நீர் ஐ.நா. பங்கீட்டில் வந்ததல்ல. படத்தை எடுத்துக்கொள்ளலாம், கட்டங்களை உள்ளூர் எண்களால்தான் நிரப்ப வேண்டும்.

பச்சைக் கணக்கு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது ஊராட்சியின் கைக்கு எட்டாது. இயற்கையையும் சொத்தாக எழுதி, தேய்மானத்தைக் கழிக்கும் முறை அது. பொருளாதார அறிஞர் பார்த்தா தாஸ்குப்தா தலைமையிலான குழு இந்தியாவுக்கு அதற்கான வழிமுறையை 2013-இல் கொடுத்தது; ஐ.நா. 2021-இல் சூழலமைவுக் கணக்கு முறையை ஏற்றது. பவளம் உடைத்த ஆண்டுகளை இந்தக் கணக்கில் எழுதியிருந்தால் வருமானத்துக்கு எதிரே இழப்பு தெரிந்திருக்கும். மாநிலப் புள்ளியியல் துறை இதைச் செய்தால் நல்லது. எனக்கு இதில் உள்ள பயம் ஒன்றுதான். எல்லாவற்றையும் ரூபாயாக்கிக் கூட்டினால், பவளத்தில் நூறு கோடி போய்ச் சாலையில் இருநூறு கோடி வந்தது லாபம் என்று முடியும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. அவற்றுக்கு ஈடாக எந்தச் சாலையை எழுதுவது?

தாங்குதிறன் என்னும் நகரும் கோடு

சுற்றுலா, யாத்திரை என்று வந்தால் அதிகாரிகள் நாடுவது தாங்குதிறன் ஆய்வு. ராமேஸ்வரம் தீவு ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தாங்கும் என்பது நேரடியான, மக்களுக்குப் புரியும் கேள்வி. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தக் கரையில் நின்றவருக்கு விளக்கவே தேவையில்லை. தனுஷ்கோடிக்கும் அரிச்சல்முனைக்கும் சாலை போட்டாயிற்று, 2025 ஏப்ரலில் பாம்பன் புதிய ரயில் பாலமும் திறந்தாயிற்று. வரத்து கூடத்தான் செய்யும்.

குறை, அந்தத் திறனை எதைக்கொண்டு கணக்கிடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. அறை, வாகன நிறுத்தம், குடிநீர் விநியோகம், கழிவுநீர் என்று போகும் பட்டியலில் எல்லாமே பணம் போட்டால் கூட்டக்கூடியவை. எங்கே முட்டுகிறதோ அங்கே ஒரு திட்டம் வரும், திறன் கூடும். 2009-இல் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபோது இந்த மாவட்டத்தின் தாங்குதிறன் ஒரே நாளில் ஏறியது. தாகத்தில் கிடந்த ஊர்களுக்கு அது பெரிய ஆறுதல். குறை சொல்ல நான் துணிய மாட்டேன். ஆனால் எல்லை மறைந்துவிடவில்லை. திருச்சிப் பக்கம் காவிரி மணலுக்கு நகர்ந்தது, மேட்டூர் அணையின் நீர்மட்டத்தோடு சேர்ந்துகொண்டது. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை அமைத்துப் பார்த்தார்களே, அதிலும் எல்லை மின்கட்டணமாகவும் கடலில் விடும் உப்புக் கழிவாகவும் உருமாறியது. தாங்குதிறன் எண்ணைக் கேட்கும்போதெல்லாம், "யாருடைய தண்ணீரையும் சேர்க்காமல் எவ்வளவு?" என்று கூடவே கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் பெரும்பாலான அறிக்கைகள் பாதியாக இளைத்துவிடும்.

கிணறும் மடியும்

இனி, கரையிலேயே இருக்கும் இரண்டு அளவுகோல்கள். இவற்றுக்குப் பெரிய பெயர் கிடையாது, எந்த மாநாட்டிலும் இவற்றைப் பற்றி உரை நிகழ்த்த மாட்டார்கள்.

தனுஷ்கோடியில் கடலுக்குச் சில அடி தள்ளி மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். வெளியூர்க்காரர்கள் அதிசயம் என்பார்கள். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருப்பதுதான் விஷயம். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கம் பயங்கரமானது: மோட்டார் போட்டு மேலே ஓரடி இறக்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் நாற்பது அடி ஏறி வர இடம் உண்டு. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருக்கும்போதே உள்ளே கணக்கு முடிந்துபோயிருக்கும்.

அரசிடம் நிலத்தடி நீருக்கு ஓர் அளவுகோல் உண்டு. ஆண்டுக்கு ஊறும் நீரில் எத்தனை விழுக்காட்டை எடுக்கிறோம் என்று பிர்க்காவாரியாக (வருவாய்க் குறுவட்டம்) கணக்கிட்டு, 70-க்குள் இருந்தால் பாதுகாப்பானது, 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வு என்று வகைப்படுத்துவார்கள். கோயம்புத்தூருக்கும் சேலத்துக்கும் இது நன்றாகவே பேசும். கடலோரத்தில் நீர் உவராகிவிட்ட பிர்க்காவை "உவர்" என்ற தனி வகையில் போட்டுவிட்டு, அங்கே விழுக்காட்டுக் கணக்கையே நிறுத்திவிடுகிறார்கள். எல்லை மீறிய இடம் கணக்கிலிருந்தே வெளியேறிவிடுகிறது! ஆகவே இங்கே அளக்க வேண்டியது எடுத்த அளவை விட உப்பை. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அதை அளக்கும் பேனா அளவுக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகளே அளந்து எழுதலாம். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியிலும், காய்ந்து கிடக்கும் ஆகஸ்டிலும் அதே கிணறுகளில் எடுத்த எண்கள் நான்கைந்து ஆண்டு சேர்ந்தால், எந்தத் தெருவரை உப்பு வந்திருக்கிறது என்று வரைபடமே போட்டுவிடலாம். நிறுத்தவும் ஆள் இருக்கிறது: கட்டட அனுமதியும் குடிநீர் இணைப்பும் உள்ளாட்சியின் கையில் இருப்பவை.

மீனுக்கு வருவோம். மொத்தப் பிடிப்பைப் பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு. டன் கணக்கு குறையவில்லை என்பார்கள். படகு கூடியிருக்கும், குதிரைத்திறன் கூடியிருக்கும், போகும் தூரம் கூடியிருக்கும். கடைசியில் டன் அப்படியே நிற்கும். ஒரு நாள் உழைப்புக்கு எவ்வளவு கிடைத்தது என்று பார்ப்பதே மீன்வள அறிவியலின் பழைய வழி. அதிலும், இன்றைய நாளும் முப்பது ஆண்டுக்கு முந்தைய நாளும் ஒன்றல்ல, இழுவிசை மாறிவிட்டது. நான் டீசலை அலகாக வைக்கச் சொல்வேன்: ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோ மீன். இதற்குப் புதிய ஆய்வுக் குழு எதுவும் வேண்டாம். மானிய டீசல் எவ்வளவு வாங்கப்பட்டது என்பது பதிவில் இருக்கிறது. எத்தனை விசைப்படகு எந்த நாளில் போயிற்று என்பது மீன்வளத் துறை தரும் டோக்கனில் இருக்கிறது. வெளியே பங்க்கில் வாங்கும் டீசல் கணக்கில் வராது என்பது உண்மைதான். சங்கம் மனது வைத்தால் அதையும் எழுதலாம். இதோடு, மடியில் வந்ததில் சங்காயம் எத்தனை பங்கு என்று ஒரு வரி. நல்ல மீன் குறைந்து சங்காயம் கூடும்போது, டன் கணக்கு சிரித்துக்கொண்டிருக்கும், இந்த வரி அழும்.

எல்லை மீறலுக்கு இந்தக் கரையில் இன்னொரு நேரடி அடையாளமும் உண்டு, அதை யாரும் சுற்றுச்சூழல் கணக்கில் சேர்ப்பதில்லை. 1974, 1976 இந்தியா–இலங்கை ஒப்பந்தங்கள் வகுத்த சர்வதேசக் கடல் எல்லை ராமேஸ்வரத்துக்கு மிக அருகில் போகிறது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒதுக்கியது போக, விசைப்படகுக்கு மிஞ்சுவது ஒடுக்கமான பட்டை. அந்தப் பட்டைக்குள் அத்தனை படகுக்கும் மீன் இல்லை. எல்லை தாண்டிக் கைதாவதை இரு நாட்டுச் சிக்கலாகவும் கச்சத்தீவுச் சிக்கலாகவும் பார்க்கிறோம். படகுகளின் இழுவிசை கடலின் விளைச்சலைத் தாண்டிவிட்டது என்பதற்கான அளவீடாகவும் அதைப் படிக்கலாம். மறுகரையில், மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வலை கிழிந்து நிற்பவர்களும் தமிழ் பேசும் மீனவர்கள்தான். ஆழ்கடல் மீன்பிடிக்கு மாறும் திட்டம் 2017-இல் 2,000 படகுகளை இலக்காக வைத்துத் தொடங்கியது. மாற்றம் அந்த வேகத்தில் நடக்கவில்லை.

இந்த உள்ளூர் அளவுகோல்களின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். எண் இறங்கினால் காரணம் நாம்தானா என்று அவை சொல்லாது. 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்தது கடல் சூடானதால். அந்தச் சூட்டை உண்டாக்கியது கீழக்கரை அல்ல. ஆனாலும் சூடு ஏறிய கடலில் பவளத்தின் பொறுமை குறைந்துவிட்டது, ஆகவே நாம் கொடுக்கக்கூடிய தொந்தரவின் அளவும் குறைந்துவிட்டது. குற்றம் யாருடையது என்பதும் எல்லை எங்கே இருக்கிறது என்பதும் வேறு வேறு கேள்விகள். இன்னொரு பலவீனம் தொடக்க ஆண்டு. இன்று முதல் எழுதத் தொடங்கினால், ஏற்கெனவே இளைத்த கடலே நமக்கு இயல்பாகிவிடும். நல்ல வேளையாக, மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் கொச்சிக்கு இடம்பெயரும் முன் பல்லாண்டுகள் மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது; அதன் மையம் இன்றும் அங்கே இருக்கிறது. பழைய பதிவுகளைக் கேட்டு வாங்கி, அவற்றோடு ஒப்பிட வேண்டும்.

பாசியை வைத்துச் சோதித்தால்

அளவுகோல்களை ஒரே பொருளில் உரசிப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். கடற்பாசி வளர்ப்பை எடுத்துக்கொள்கிறேன். மாவட்டத்தில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மூங்கில் மிதவைகளில் பாசி வளர்ப்பது பல ஊர்களில் பெண்களின் வருமானம்.

வருமானக் கணக்கு கைதட்டும். தடம் அதைவிடப் பலமாகக் கைதட்டும், ஏனென்றால் நிலமும் நன்னீரும் உரமும் வேண்டாத பயிர் இது. மெதுவடையின் உள்வட்டமும் நிறையும். மிதவையில் வளர்ந்து இத்தனை பாராட்டும் பெறும் அதே கப்பாஃபைகஸ் என்ற அயல்பாசி, மண்டபத்தை ஒட்டிய குருசடைத் தீவின் பவளத்தின் மேல் படர்ந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதைக் கண்டது எந்தக் குறியீடும் அல்ல, நீருக்குள் இறங்கிப் பார்த்த கண்கள். அதற்காகப் பாசி வளர்ப்பே வேண்டாம் என்பேனா? மாட்டேன். மிதவைக்கு அனுமதி தரும்போதே, அருகிலுள்ள பவளப் பாரில் ஆண்டுக்கு இருமுறை இறங்கிப் பார்த்து எழுதுவதை நிபந்தனையாக்கச் சொல்வேன். உள்ளூர்ப் பாசியினத்தை வளர்ப்பவருக்குச் சலுகையும் தரலாம்.

இயற்கையாக வளரும் மரிக்கொழுந்துப் பாசியை முங்கி எடுக்கும் பெண்களைப் பார்த்தால் இன்னொன்று புரியும். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, இனப்பெருக்க காலத்தில் எடுக்காமல் விடுவது, உலோகத்தால் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று அவர்களே பேசி வைத்த கட்டுப்பாடுகள் உண்டு. ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்ற பழைய ஏற்பாடும் அப்படிப்பட்டதுதான். ஆண்டுக்கு 45 நாளாக இருந்து 2017-இல் 61 நாளான தடைக்காலம் அரசு போட்டது. விதிகள் இருக்கின்றன, 12 போதுமா, மூன்று அதிகமா என்று சொல்லும் எண்தான் இல்லை. எனவே புதிய அளவுகோலை, ஏற்கெனவே நடப்பில் இருக்கும் விதியோடு முடிச்சுப் போட்டால் அது உயிர் பிழைக்கும். விதி இல்லாத இடத்தில் நிற்கும் எண், ஆண்டறிக்கையின் பின்னிணைப்பில் போய்த் தூங்கும்.

எதை எடுப்பது

என் முடிவு இது. மாவட்ட அறிக்கையில் மெதுவடைப் படத்தை ஒரே பக்கமாகப் போடலாம். அதன் உள்வட்டத்துக்குக் குடும்ப வருமானம், கல்வி, குடிநீர். வெளிவட்டத்துக்குக் கிணற்று உப்பு, டீசல் லிட்டருக்கு மீன், சங்காயப் பங்கு, பவளப் பாரின் நிலை என்ற நான்கு மட்டும். மாவட்ட உற்பத்தி எண் தன் வழக்கமான இடத்தில் இருக்கட்டும், எல்லையைப் பற்றி அதனிடம் எதுவும் கேட்க வேண்டாம். சூழலியல் தடத்தை டெல்லியிலும் மாநாட்டிலும் நமக்கான நிதியைக் கேட்கும்போது எடுத்துக் காட்டலாம். தாங்குதிறன் ஆய்வை ராமேஸ்வரம் தீவுக்கு மட்டும், வெளித்தண்ணீரைக் கழித்து, செய்யச் சொல்ல வேண்டும். பச்சைக் கணக்கு மாநிலத்தின் வேலை.

நான்கு எண்களுக்கும் அபாயக் கோட்டை முதலிலேயே பேசி வைக்க வேண்டும். எண் சிவந்த பிறகு கோட்டைப் பேச உட்கார்ந்தால், விடுதிக்காரரும் படகு உரிமையாளரும் கோட்டையே நகர்த்துவார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆகஸ்டில் ஒரு தெருவின் கிணறுகள் இரண்டு ஆண்டு தொடர்ந்து 2,000-ஐத் தாண்டினால், அந்தப் பகுதியில் புதிய ஆழ்துளைக் கிணறும் புதிய விடுதி அனுமதியும் கிடையாது என்று தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும். டீசல் கணக்கு மூன்றாண்டுச் சராசரியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால், வாரத்தின் மூன்று நாளில் ஒன்றை விடுவது பற்றிச் சங்கங்கள் கூடியே தீர வேண்டும். அந்த விட்ட நாளுக்குப் படகுக் கூலியாட்களுக்கு, தடைக்கால நிவாரணம் போல, ஒரு தொகை வேண்டும். பங்குக்கு உழைப்பவர் கடலுக்குப் போகாத நாளில் அவர் வீட்டு அடுப்புக்கு உரிமையாளர் பொறுப்பில்லை. நிவாரணம் இல்லாமல் நாளைக் குறைத்தால் கூரையைக் காப்பாற்றத் தரையை உடைத்ததாகிவிடும்.

முதல் ஆண்டுக்கு நான்கையும் எல்லா ஊரிலும் தொடங்க வேண்டியதில்லை. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் மூன்றிலும் கிணற்றுப் பதிவை ஜனவரியில் தொடங்கலாம். டீசல் பதிவைத் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கும் ஜூன் 15-லிருந்து ராமேஸ்வரம் துறையில் மட்டும் எழுதலாம். பதிவேடு மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒன்று, சங்கத்தில் ஒன்று என்று இரண்டு படியாக இருக்க வேண்டும். ஒன்றே இருந்தால் அதை மாற்றி எழுத ஒரே ஆள் போதும்.